கடுவன் குட்டி இருக்கா?

போன மாசம் முழுக்க என் போன் ஓயவே இல்லை. தப்பு என்னுடையதுதான். எங்கள் வீட்டு நாய்க்குட்டிகளின் படத்தை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். அது அங்கிருந்து எங்கெங்கோ போய், முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அழைக்க ஆரம்பித்துவிட்டார்கள். மொத்தம் 17 பேர். எண்ணி வைத்திருக்கிறேன். 17 பேரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"கடுவன் குட்டி இருக்கா?"

(வெளியூர்க்காரர்களுக்காக: எங்கள் மதுரைப் பக்கம் ஆண் நாயைக் கடுவன் என்போம்.)

பூச்சி மருந்து கொடுத்தாச்சா, ஊசி போட்டாச்சா, தாய் எப்படி இருக்கு... ஒருத்தர், ஒரே ஒருத்தர் கூட கேட்கவில்லை. "ரெண்டு கடுவன், மூணு பொட்டை" என்று நான் சொன்னதும் "அப்ப கடுவன்ல ஒண்ணு எடுத்து வைங்க" என்பார்கள். கடுவன் ரெண்டும் பேசியாச்சு என்றால் போன் கட்!

கோபமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் பாதி எங்கள் வீட்டின் மேலேயேதான்.

தாய் பேர் செவலை. சாதாரண நாட்டு நாய். மூன்று வருசத்துக்கு முன்னால் கண்மாய்க்கரையில் ஒரு சாக்குக்குள் கத்திக்கொண்டிருந்த நாலு குட்டிகளில் ஒன்று. நாலுமே பொட்டைதான் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன! அவளை டாக்டரிடம் காட்டியபோதே, ஏழாவது மாசத்தில், கருத்தடை ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்றார். "ஒரு தடவையாவது குட்டி போடட்டும், அப்பத்தான் உடம்புக்கு நல்லது" என்றாள் பாட்டி. நாங்களும் தலையாட்டினோம். பாட்டி மட்டும் இல்லை, நாய் வைத்திருக்கும் பாதிப் பேர் சொல்லும் வசனம் இது. ஒரு பிரசவத்தால் நாய்க்கு எந்த நன்மையும் கிடையாது. ஆபரேஷன் செய்யாத பெண் நாய்களுக்கு வயதானபின் கருப்பையில் சீழ் பிடித்து உயிரே போகலாம் என்பதுதான் உண்மை. இதை டாக்டர் அன்றைக்கே சொன்னார். எங்கள் காதில் ஏறவில்லை.

தை மாசக் குளிரில், மாடிப்படிக்கு அடியில், ஆறு குட்டி போட்டாள்.

ஆறா? இப்போதுதானே ஐந்து என்று சொன்னாய் என்பீர்கள். சொல்கிறேன்.

பிறந்த குட்டிக்குக் கண் தெரியாது, காது கேட்காது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாதது, அதற்குத் தன் உடம்புச் சூட்டைக்கூடக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது என்பது. தாயோடும் மற்ற குட்டிகளோடும் ஒட்டிக்கிடந்தால்தான் சூடு. தள்ளிப் போய்விட்டால் சில்லிட்டுவிடும். சில்லிட்ட குட்டிக்குப் பால் செரிக்காது, அதனால் முதலில் சூடு, பிறகுதான் பால். மூன்றாம் நாள் விடியற்காலை ஒரு பொட்டைக்குட்டி தனியாக ஒதுங்கிக் கிடந்தது. இருப்பதிலேயே சின்னது அதுதான், அடுப்படித் தராசில் 190 கிராம். நான் என்ன செய்தேன்? பிள்ளைக்குப் புகட்டுவதுபோல மல்லாக்கப் போட்டு, இங்க் ஃபில்லரில் பசும்பாலை விட்டேன். மூக்கு வழியாகப் பால் வந்தது. சாயங்காலத்துக்குள் போய்விட்டது.

குட்டியைக் குப்புற வைத்துத்தான் புகட்ட வேண்டும், மல்லாக்க வைத்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று டாக்டர் சொன்னது மறுநாள். பசும்பாலும் ஆகாதாம். நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிட மிக அதிகம். பசும்பாலில் இருக்கும் லாக்டோஸ் குட்டிக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். தாய்ப்பால் இல்லாத குட்டிக்கென்றே பால்பவுடர் கடையில் விற்கிறது. அதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. செவலை அந்தக் குட்டியை ராத்திரி வரைக்கும் நக்கிக்கொண்டே இருந்தாள். முதல் இரண்டு மூன்று வாரம் தாய் நக்கிவிட்டால்தான் குட்டிக்கு ஒன்றுக்கும் ரெண்டுக்கும் வரும். அந்த வேலையைத்தான் செத்த குட்டிக்கும் செய்துகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு குண்டு பல்பு, சுடுதண்ணி பாட்டில், தினமும் காலையில் எடை. இரண்டாவது வாரத்தில் கண் திறந்தது. அன்றைக்கே முதல் பூச்சி மருந்து. மூன்றரை வாரத்தில் பல் முளைத்து செவலையின் மடியைக் கடிக்க ஆரம்பித்ததும் குழைந்த சோறு, முட்டை, கோழி வேகவைத்த தண்ணி. செவலை மட்டும் மூணு நாய்ச் சோறு தின்றாள். ஐந்தாவது வாரம்... அதை விவரித்தால் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள். வீட்டுக்கு வந்த பேப்பர் எல்லாம் படிக்காமலே தரைக்குப் போனது.

இந்த நேரத்தில்தான் அந்த 17 பேர். பாதிப் பேருக்கு 30 நாளிலேயே குட்டி வேண்டுமாம். "சின்னதா இருக்கும்போதே எடுத்தாத்தான் நம்மகிட்ட பழகும்." ஐயா, அந்த வயசில் அது தன் கூடப்பிறந்ததோடு பழக வேண்டும். அழுத்திக் கடித்தால் மற்றது கத்தும், விளையாட்டு நின்றுவிடும். எவ்வளவு கடிக்கலாம் என்று குட்டி படிக்கிற பள்ளிக்கூடம் அதுதான். அதைப் பாதியில் நிறுத்திக் கூட்டிப்போய்விட்டு, ஆறு மாசம் கழித்து "எங்க நாய் கையைக் கடிக்குது" என்று புலம்புவீர்கள். விற்பனைக்குக் குட்டி வளர்ப்பவர்களே எட்டு வாரத்துக்கு முன்னால் விற்கக் கூடாது என்று 2017இல் மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. இலவசமாகக் கொடுக்கும் குட்டிக்கு மட்டும் அவசரமா?

சரி, பொட்டை ஏன் வேண்டாம்? "ஊர் நாயெல்லாம் வாசல்ல வந்து நிக்கும்." சரிதான், நிற்கும். ஒரே ஒரு ஆபரேஷன் செய்தால் நிற்காது. ஆபரேஷன் பாவமாம், தாய்மையைப் பறிப்பதாம். சாக்கில் கட்டிக் கண்மாய்க்கரையில் போடுவது எதில் சேர்த்தி? காசில்லாதவர்களை நான் குறை சொல்லவில்லை. எல்லா ஊர் அரசு கால்நடை மருத்துவமனையிலும் இந்த ஆபரேஷன் தடையில்லாமல் கிடைக்க வேண்டும், அதற்கு அரசைத்தான் கேட்க வேண்டும். எனக்குப் போன் செய்தவர்களில் மூன்று பேர் காரில் வந்து குட்டியைப் பார்த்தவர்கள்.

2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. அதே மாசம் 22ஆம் தேதி அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடுங்கள், வெறிபிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் விடாதீர்கள் என்றது. அந்த பத்துப் பதினோரு நாளும் எங்கள் வகுப்புக் குழு ரெண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டது. "எல்லாத்தையும் பிடிச்சு அடைக்கணும்" என்று கத்தியவனும் எனக்குப் போன் செய்தான். "வாயில்லா ஜீவன்" என்று அழுதவளும் செய்தாள். ரெண்டு பேருக்கும் வேண்டியது கடுவன்.

தெருநாய் எங்கிருந்து வருகிறது மக்களே? வானத்திலிருந்தா? தெருவிலேயே பிறப்பது நிறைய, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம் வீட்டு மாடிப்படிக்கு அடியில் பிறந்து சாக்கில் போவதும் அதில் சேர்த்திதான். செவலையே அப்படி வந்தவள். வளர்ப்பு நாய்க்குக் கருத்தடை, தடுப்பூசி எல்லாம் உரிமையாளர் பொறுப்பு என்று 2023ஆம் வருச விதிகள் சொல்கின்றன. விலங்கைக் கைவிடுவது 1960ஆம் வருசச் சட்டப்படியே குற்றம். முதல் தடவைக்கு அபராதம் என்று அதில் எழுதி வைத்தது எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைக்கும். சாக்கின் விலை கூட இல்லை.

எட்டு வாரம் முடிந்ததும் கடுவன் ரெண்டும் போயின. பொட்டையில் ஒன்றை டீக்கடை அக்கா வாங்கிக்கொண்டார், எதுவும் கேட்காமல். இன்னொன்றை ஒருவர் "எதுவா இருந்தா என்ன தம்பி" என்று பெரிய மனசோடு தூக்கிப் போனார். மூன்றாம் நாள் திரும்பக் கொண்டுவந்து விட்டார். அவர் அம்மா வேண்டாம் என்றுவிட்டாராம். திட்டத்தான் நினைத்தேன். கண்மாய்க்குப் போகாமல் எங்கள் வாசலுக்கே வந்தாரே என்று காபி கொடுத்து அனுப்பினேன்.

வருகிற வியாழக்கிழமை செவலைக்கு ஆபரேஷன். முந்தின ராத்திரி எட்டு மணிக்கு மேல் அவளுக்கு யாரும் எதுவும் வைக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோரையும் மிரட்டிக்கொண்டிருப்பது பாட்டிதான்.

குட்டி ரெண்டு இருக்கிறது. 75 நாள் ஆகிறது. பூச்சி மருந்து, முதல் ரெண்டு தடுப்பூசி ஆயிற்று. வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாசம் முடிந்ததும் போட வேண்டும். ஒன்று செவலை, ஒன்று கறுப்பில் வெள்ளைக்கால். ரெண்டும் பொட்டை. வந்து பார்ப்பவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாருங்கள், காலையில் எனக்குக் கல்லூரி.