கொல்லுமா என்பதோடு இதையும் கேளுங்கள்

உயிரி மருந்து வாங்கும் விவசாயி கேட்பது, "நோய்க்கிருமியைக் கொல்லுமா?" என்றுதான். அனுமதி கொடுப்பவர்கள் அதோடு நிற்கக் கூடாது. நஞ்சு சுரக்கும் பாக்டீரியா அதே நஞ்சில் சாகாமல் தப்புவது எப்படி, அந்தக் காப்பு எதிரிக்கும் போய்ச் சேருமா என்று கேட்க வேண்டும். பயிர் நோயியல் கற்பித்தவன் என்ற முறையில் இதை வலியுறுத்துகிறேன்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ரோஜாச் செடியைப் பிடுங்கினால் சிலவற்றில் வேரும் தண்டும் கூடுமிடத்தில் சொரசொரவென்று ஒரு கட்டி இருக்கும். கத்தியால் கீறினால் உள்ளே ஒழுங்கில்லாத மரத்திசு. அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியா தன் மரபணுத் துண்டைச் செடிக்குள் செருகி இப்படி வளர்க்கிறது. தனக்கு வேண்டிய உணவையும் அந்தக் கட்டியிலேயே தயாரிக்க வைக்கிறது.

இலங்கையில் தேயிலைக் கொப்புள நோயை ஆராய்ந்த ஆலன் கெர், 1970களில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இந்தக் கட்டியைத் தடுக்க வழி கண்டார். நோய் உண்டாக்காத உறவுக்கார பாக்டீரியா கே84. அதைக் கலந்த நீரில் வேரை நனைத்து நட்டால், பீச், பாதாம் கன்றுகளில் கட்டி வருவதைத் தடுக்கலாம். கே84 சுரக்கும் அக்ரோசின் 84, நோய்க்கிருமி கட்டியிலிருந்து உணவை இழுக்கும் வாசல் வழியாகவே உள்ளே போகிறது. லியூசினைப் புரதத்தில் சேர்க்கத் தேவையான நொதியை முடக்குகிறது. கே84-க்கும் அந்த நொதி வேண்டும். அதனால் நஞ்சுக்கு மசியாத இன்னொரு நொதியையும் அது தயாரித்துக்கொள்கிறது.

வில்லங்கம் இங்கேதான். நஞ்சின் மரபணுக்களும் காப்பின் மரபணுவும் ஒரே பிளாஸ்மிடில் இருக்கின்றன. பிளாஸ்மிட் ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடிய டிஎன்ஏ வளையம். நோய்க்கிருமிக்கு அது கிடைத்துவிட்டால் அக்ரோசின் 84-ஆல் அந்தக் கிருமியை ஒன்றும் செய்ய முடியாது. கெர் குழுவினர் தாவலுக்குத் தேவையான பகுதியை மட்டும் நீக்கி கே1026-ஐ உருவாக்கினர். 1980களின் இறுதியில் அது ஆஸ்திரேலியத் தோட்டங்களுக்குப் போனது.

மரபணு மாற்றம் என்றாலே எதிர்க்கும் நண்பர்களுக்கு இதைச் சொல்கிறேன்: இந்த ஜோடியில் ஆபத்து அதிகம் இயற்கையான கே84-இடம்தான். பெயரைப் பார்த்துப் பயப்படுவதை விட்டு, நஞ்சு சுரக்கும் பாக்டீரியா எதுவானாலும் அதன் காப்பு மரபணு எங்கே இருக்கிறது, தாவுமா என்ற சோதனை முடிவை விற்பனைக்கு முன்பே கேட்டு வாங்க வேண்டும்.