பையைக் கொடுத்தால் தோட்டம் ஆகுமா?

பை, விதை, உரம் ஆகியவற்றை ஒரே கட்டாகக் கட்டிக் கையில் கொடுத்துவிட்டால் ஒருவர் தோட்டக்காரர் ஆகிவிடுவாரா? நகர மக்கள் மாடித்தோட்டம் அமைப்பதற்கென்று இத்தகைய கட்டுகள் குறைந்த விலையில் வழங்கப்பட்டு வந்துள்ளன. நோக்கம் நன்றே. ஆனால், மூன்று திங்கள் கழித்துப் பல மாடிகளில் ஏறிப் பார்ப்பார் காண்பவை வெயிலில் வெடித்த பைகளும், இறுகிப்போன தென்னைநார்க் கழிவும், காய்ந்த கத்தரிக் குச்சிகளுமே. பொருள் கொடுத்தவர்கள் பேணும் முறையைக் கற்றுக்கொடுக்கவில்லை. பிழை அங்கேதான் உள்ளது.

நடுதல் ஒரு நாள் வேலை. பேணுதல் நாடொறும் செய்யும் வேலை. உழவைப் பற்றிய குறள்களுள் ஒன்று, உழுவதைவிட எருவிடுவதையும், நீர் விடுவதைவிடப் பயிரைக் காப்பதையும் உயர்த்திச் சொல்கின்றது. நெடும்பழைமையுடைய இவ்வறிவு இன்றைய மாடிக்கும் பொருந்தும்.

பேணுதலுக்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. அடுக்களைக் கழிவையும் காய்ந்த சருகையும் மாற்றி மாற்றி அடுக்கி, ஈரம் காத்து, இடையிடையே கிளறிவந்தால் இரண்டு மூன்று திங்களில் அது மட்கி உரமாகும். செடியைச் சுற்றிச் சருகு பரப்பி மூடாக்கு இட்டால் ஈரம் காயாது, களையும் குறையும். அவரையும் தட்டைப்பயறும் வேர்முடிச்சுகளின் வழியே காற்றிலுள்ள தழைச்சத்தை ஈர்த்துக்கொள்ளும். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஓர் இலிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடித்து, சிறிது வழலைக் கரைசல் சேர்த்து மாலையில் தெளித்தால், சாறுறிஞ்சும் பூச்சிகள் பெரிதும் அடங்கும். நஞ்சு வாங்க ஏன் கடைக்கு ஓடவேண்டும்?

எல்லாவற்றினும் தலையானது விதை. நாட்டு வெண்டையில் நல்ல காய்கள் இரண்டைப் பறிக்காது செடியிலேயே முற்ற விட்டால் அடுத்த பருவத்திற்கு விதை ஆயிற்று. கலப்பின விதையில் விளைந்ததை எடுத்து மீண்டும் விதைத்தால் தாய்ச்செடியின் இயல்பு அப்படியே வாராது. ஒவ்வொரு பருவமும் விலைக்கே வாங்கவேண்டும். கட்டோடு வரும் விதை எத்தகையது என்று கேட்டுப் பெறுவார் எத்தனை பேர்? விதைக்காகப் பிறர் கையை எதிர்பார்ப்பவன் தன் தோட்டத்திலேயே குத்தகைக்காரன் ஆகின்றான்.

இதனை மக்களிடம் கொண்டு செல்வது எங்ஙனம்? அதற்குக் கோ. நம்மாழ்வார் வழிகாட்டினார். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1963இல் பணியேற்ற அவர், விலையுயர்ந்த இடுபொருள்களைச் சார்ந்த ஆய்வு ஏழை உழவருக்கு உதவாதெனக் கண்டு 1969இல் விலகினார். ஊர் ஊராய் நடந்தார். உழவரோடு அமர்ந்து அவர் சொல்லைக் கேட்டார். தாம் அறிந்ததை அவர்தம் பேச்சிலேயே விளக்கினார். கரூர் மாவட்டக் கடவூர்ப் பகுதியில் அவர் நிறுவிய 'வானகம்' 2013இல் அவர் மறைந்த பின்னரும் பயிற்சிக் களமாய் விளங்குகின்றது. கற்பவர் மண்ணில் கைவைத்துக் கற்கும் முறை அது.

மேடையில் நின்று 'ஆர்கானிக்', 'கம்போஸ்ட்', 'மல்ச்சிங்' என்று முழங்குவோரிடம் பாட்டிமார் வாய்திறவாது எழுந்து செல்கின்றனர். எரு, மட்கு, மூடாக்கு என்று சொல்லிப் பாருங்கள். அறுபது ஆண்டுப் பட்டறிவு அவர்தம் வாயிலிருந்து பெருகும். அப்பொழுது கற்பிக்க வந்தவர் கற்பவர் ஆவார். தூயதமிழ் பேசும் நம்மவர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. அறைக்குள் அமர்ந்து சொல்லாக்கம் செய்வதோடு நில்லாமல், கொல்லைக்குச் சென்று அங்கு வழங்கும் சொல்லையும் அச்சொல்லுக்குரிய தொழிலையும் சேர்த்தே கற்றல் வேண்டும்.

ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மூலை, ஒவ்வொரு தெருவிலும் ஒரு பாத்தி. கிழமைக்கு ஒரு நாள் கூடிச் செய்யும் வேலை. கற்றவர் அடுத்தவர்க்குக் கற்பித்தல். அறுவடைக்குப் பின் விதையைப் பகிர்தல். இவ்வளவே போதும். கட்டுகள் கொடுக்கும் அரசு கற்பிக்கும் ஆளையும் அனுப்புக! அது வரும்வரை காத்திராமல், அறிந்தவர் அண்டை வீட்டிலிருந்தே தொடங்குக!