உருவம் போயிற்று, பெயர்?

அமெரிக்காவின் வூஸ்டர் நகரிலே இயேசு சபையார் 1843-இல் நிறுவிய ஹோலி கிராஸ் கல்லூரி, 2018-இல் தன் விளையாட்டு அணிகளின் சின்னத்தைத் திருத்தியது. கவசமணிந்த சிலுவைப்போர் வீரன் வெளியேறினான். முதலெழுத்துகள் பொறித்த கேடயம் வந்தமர்ந்தது. 'சிலுவைப்போர் வீரர்' என்ற பெயரோ போகவில்லை!

1099-இல் எருசலேம் வீதிகளிலே முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டி வீழ்த்தியோர் எவர்? இப்பெயருக்கு உரியோரன்றோ? சமூக நீதிக்குப் போராடுவோர் என்பதே இன்றையப் பொருளாம்; கல்லூரியார் கூறுகின்றனர். பொருள் மாறிற்றென்றால் உருவத்தை ஏன் அகற்றினீர்? மாறவில்லையென்றால் பெயரை ஏன் காத்தீர்?

அந்நாட்டுக் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகள் சிலவற்றில் அவ்வீரன் இன்றும் உலவுகிறான். வகுப்பறையில் நிற்கும் நாம் அறிவோம், பாடத்தை மறக்கும் சிறுவனும் தன் அணியின் பெயரை மறப்பதில்லை. கூவிக் கூவியே வளர்கிறான். அப்பள்ளியார் சின்னம் திருத்த முனைவாராயின், தூரிகையைத் தொடுமுன் அப்பெயரை அழிக்கட்டும்!