அம்மா என்ன ஒப்புக்குச் சப்பாணியா?

கோடை விடுமுறை வந்துவிட்டால், எங்கள் வீட்டுக் கூடத்தில் சாயங்காலம் நாலு மணிக்குப் பாய் விரித்துவிடுவார்கள். என் கணவர் பொருட்காட்சியில் வாங்கி வந்த டாமினோ பெட்டியைத் திறப்பார்கள். கணவர், கொழுந்தனார், பத்தாவது படிக்கும் மகள், ஆறாவது படிக்கும் மகன் என்று நாலு பேர் விளையாட்டு. நான்? பஜ்ஜியும் டீயும் போட்டுக் கொடுப்பவள்! "வீட்டுல எல்லாரும் சேர்ந்து விளையாடுறோம்" என்று இவர் பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்வார். அந்த 'எல்லாரும்' என்பதில் நான் இல்லை என்று அவருக்கும் தோன்றியதில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் தோன்றியதில்லை.

ஒரு நாள் கொழுந்தனார் ஊருக்குப் போயிருந்தார். "ஒரு கை குறையுது, அம்மா சும்மா உட்காரட்டும்" என்றாள் மகள். சின்ன வயதில் ஒப்புக்குச் சப்பாணி என்று சேர்த்துக்கொள்வோமே, அதுபோல. நானும் ஆசையாக உட்கார்ந்தேன். மொத்தம் 28 காய்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம் புள்ளிகள். ஆளுக்கு ஏழு எடுத்துக்கொண்டு, வரிசையின் முனையில் இருக்கும் எண்ணுக்கு அதே எண்ணைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் 'பாஸ்'. கேட்க இவ்வளவுதான். ஆனால் நான் பதற்றத்தில் ஐந்துக்குப் பக்கத்தில் மூன்றை வைத்துவிட்டேன். ஒரே சிரிப்பு. "உனக்கெல்லாம் இது வராதும்மா" என்றாள் மகள். "சீக்கிரம் வை, எவ்வளவு நேரம் யோசிப்பே" என்றார் கணவர். 'அடுப்பில் பால் இருக்கிறது' என்று பொய் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

சமையலறையில் நின்றபோதுதான் எனக்குச் சுரீரென்றது. பல்லாங்குழியில் என் அம்மாவையே தோற்கடித்தவள் நான். பதினாலு குழியிலும் எத்தனை புளியங்கொட்டை இருக்கிறது என்று மனசிலேயே கணக்கு வைத்திருப்பேன். அந்த மூளை எங்கே போயிற்று? போகவில்லை. பதினேழு வருஷமாக யாரும் அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உறைத்தது. பதினாறாம் வாய்ப்பாட்டில் மகன் தடுமாறும்போது, "எத்தனை தடவை சொல்றது, மண்டையில என்ன களிமண்ணா?" என்று கத்துபவளும் நான்தான். தெரிந்ததைக்கூட மறக்கடிக்கும் அந்தப் பதற்றம் எப்படி இருக்கும் என்று, கற்றுக்கொள்பவர் இடத்தில் நானே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் அந்த மகன்தான் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தான். "அம்மா, நாம ரெண்டு பேரும் காயைத் திறந்து வெச்சே விளையாடலாம். அப்போ பயம் இருக்காது" என்றான். எத்தனை நல்ல வழி! யார் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே ஆடினோம். "சைபர்லேர்ந்து ஆறு வரைக்கும் ஒவ்வொரு எண்ணும் ஏழு காயில வரும்மா, அதை மட்டும் எண்ணு" என்று சொல்லிக்கொடுத்தான். ஒருவர் பாஸ் சொன்னால், அந்த நேரம் இரண்டு முனையிலும் இருக்கும் எண்கள் அவரிடம் இல்லை என்று அர்த்தம். அட, யாரிடம் என்ன இல்லை என்று கவனிப்பதுதானே நாம் தினமும் செய்கிற வேலை!

ஒரு வாரம் கழித்து மறுபடி நாலு பேராக உட்கார்ந்தோம். என் கையில் மூன்று காய்கள்தான் மிச்சம். மூன்றிலும் ஒரு பக்கம் ஐந்து. மற்ற நாலு ஐந்தும் பாயில் இறங்கியாயிற்று. இரண்டு முனையிலும் ஐந்து வரும்படி ஒன்றை வைத்தேன். கணவர் பாஸ், மகள் பாஸ், மகனும் பாஸ். மிச்சமிருந்த இரண்டையும் வைத்து முடித்துவிட்டேன். "அம்மா எண்ணிட்டே இருந்திருக்கா!" என்று மகள் வாயைப் பிளந்தாள். இவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு எனக்கு முதலில் காய் எடுக்கக் கொடுத்தார். எனக்கு அது போதும்.

"குடும்பப் பொம்பளைக்கு விளையாட்டு என்ன வேண்டிக்கிடக்கு, வேலையை யார் பார்ப்பா?" என்று ஒரு உறவுக்கார அம்மாள் கேட்டார். அரை மணி நேரம் நாம் உட்கார்ந்தால் வீடு ஒன்றும் கவிழ்ந்துவிடாது. இப்போது எங்கள் வீட்டில் ஒரு சட்டம். ஏழு காயைக் கையில் எடுத்த பிறகு தண்ணி கொடு, டீ கொடு என்று யாரும் என்னை எழுப்பக்கூடாது. வேண்டியவர் எழுந்துபோய் எடுத்துக்கொள்ள வேண்டும். தோற்றவர் டம்ளர் கழுவ வேண்டும். இவர் கழுவியதும் உண்டு! செல்போனும் அந்த நேரம் அலமாரியில்தான்.

அம்மா பரிமாறிக்கொண்டே நிற்க, மற்றவர்கள் ஆடுவது குடும்ப விளையாட்டே இல்லை என்பது என் கருத்து. டாமினோவோ, தாயமோ, கேரமோ, எதுவானாலும் சரி. நமக்குத் தெரியாது என்று நாமே ஒதுங்கவும் வேண்டாம், வராது என்று மற்றவர் சொல்ல விடவும் வேண்டாம். சொல்லிக்கொடுப்பவர்கள் மட்டும் கொஞ்சம் பொறுமையாக இருந்தால் போதும். மகனின் வாய்ப்பாட்டுக்கு இப்போது நானும் கத்துவதில்லை.

என்ன சகோதரிகளே, இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பாயில் உங்களுக்கும் ஒரு இடம் உண்டுதானே?

- ஓர் இல்லத்தரசி, கும்பகோணம்.