பத்தாயிரம் லூமன் உங்கள் பிள்ளையைக் காப்பாற்றாது



பரீட்சை முடிந்தால் எங்கள் ஊர்களில் ட்ரிப் சீசன் தொடங்கிவிடும். ஓ.எல். முடித்த பெச், வாலிபர் குழு, பழைய மாணவர் சங்கம் என்று ஆளுக்கொரு வேன் பிடித்து நக்கிள்ஸ், ரிவஸ்டன், ஹந்தானை, எல்ல என்று கிளம்புகிறார்கள். போகட்டும், மலை பார்ப்பது நல்ல விடயம்தான். நாம் கேட்பது ஒன்றே ஒன்று. டீசேர்ட்டின் நிறத்துக்கு மூன்று நாள் வட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு நடத்தும் நீங்கள், இருட்டில் ஒருவன் தவறிப்போனால் எதைக் காட்டி உதவி கேட்பான் என்று மூன்று நிமிடமாவது பேசியிருக்கிறீர்களா?

"போன்ல டோர்ச் இருக்குதானே ஸேர்" என்பதுதான் எப்போதும் வரும் பதில். இந்தப் பதிலோடுதான் எமது சண்டை.

காலையிலிருந்து போட்டோவும் வீடியோவும் எடுத்த போனில் பின்னேரம் எத்தனை வீதம் சார்ஜ் மிஞ்சும்? சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில் போன் விடாமல் டவரைத் தேடித் தேடியே பெட்டரியைத் தின்றுவிடும். மழையில் நனைந்த விரலுக்கு அதன் திரை ஒழுங்காக வேலை செய்யாது. மிஞ்சியிருக்கும் சார்ஜ் 119க்கு ஓர் அழைப்பு எடுப்பதற்கு வேண்டும். அதை வழி பார்க்கவும் செலவழித்தால், விளக்கும் போய் அழைப்பும் போய் இரண்டும் இல்லாமல் நிற்க வேண்டியதுதான்.

இன்னொரு கூட்டம், "நாங்க பாவா ஆதம் மலையே இரவில ஏறின ஆக்கள்" என்று பெருமை பேசும். டிசம்பர் போயா தொடக்கம் வெசாக் வரையான சீசனில் நல்லதண்ணிப் பாதை நெடுக மின்விளக்கு எரியும், தேநீர்க் கடை இருக்கும், முன்னும் பின்னும் சனம் இருக்கும். அந்த அனுபவத்தை வைத்து நக்கிள்ஸ் காட்டை அளக்காதீர்கள். எமது நாட்டில் பொழுது சாய்ந்தால் அந்திவெளிச்சம் அரை மணித்தியாலம்கூட நிற்காது. மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்தில் மரத்தடியில் இருப்பவனுக்கு அது இரவுதான். ஹந்தானையிலும் நக்கிள்ஸிலும் வழி தவறியவர்களை இராணுவமும் பொலிஸாரும் இரவோடு இரவாகத் தேடிய செய்திகளை நாம் எல்லோரும் வாசித்திருக்கிறோம்.

சரி, லைட் வாங்கலாம் என்று இறங்குபவர்களையாவது கடைகள் விட்டுவைக்கின்றனவா? "பத்தாயிரம் லூமன், மிலிட்டரி லைட், இரண்டு கிலோமீற்றர் அடிக்கும்" என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. உள்ளே இருக்கும் 18650 பெட்டரியில் 9900 எம்.ஏ.எச். என்று அச்சடித்திருக்கிறது. பெயர் பெற்ற கம்பனிகள் அதே அளவுப் பெட்டரியில் 3500 அளவைத்தான் எட்டுகின்றன. பெட்டரியிலேயே பொய் எழுதியவன் லூமனில் உண்மை எழுதியிருப்பானா?

இன்னொன்றையும் விளங்கிக்கொள்ளுங்கள். ஒரு டோர்ச் 200 மீற்றர் அடிக்கும் என்றால், அந்தத் தூரத்தில் அதன் வெளிச்சம் ஏறக்குறைய பௌர்ணமி நிலவு அளவுக்குக் குறைந்துவிடும் என்று பொருள். அது நாம் பார்க்கும் தூரம். பிறர் எம்மைப் பார்க்கும் தூரம் வேறு. தெளிந்த இருட்டில் ஒரு சிறு விளக்குகூட அதைவிடப் பல மடங்கு தூரத்துக்குத் தெரியும். கடலில் உயிர்காப்பு அங்கியில் பொருத்தும் விளக்குக்குச் சர்வதேச விதி கேட்பது வெறும் 0.75 கண்டெலா, அதாவது ஒரு மெழுகுதிரியைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் அது மேற்பக்கம் எல்லாத் திசைக்கும் தெரிய வேண்டும், குறைந்தது 8 மணித்தியாலம் எரிய வேண்டும். மின்னும் விளக்கென்றால் நிமிடத்துக்கு 50 முதல் 70 தடவை மின்ன வேண்டும். நடுக்கடலில் தத்தளிப்பவனுக்கே விதி கேட்பது விடியும்வரை எரியும் விளக்கைத்தான். எங்கள் கடைகள் விற்பது பத்து நிமிடம் கண்ணைப் பறித்துவிட்டு மங்கிப்போகும் விளக்கை.

ஆகவே வாங்கும்போது லூமனைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் கேட்க வேண்டியவை இவை. குறைந்த வெளிச்சத்தில் எத்தனை மணித்தியாலம் எரியும்? ஓர் இரவு முழுக்க எரியாவிட்டால் வேண்டாம். நனைந்தால் என்ன ஆகும்? ஐ.பி.எக்ஸ் 4 என்றால் தண்ணீர் தெறித்தால் தாங்கும், ஐ.பி.எக்ஸ் 7 என்றால் ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணித்தியாலம் தாங்கும். மலை மழைக்கும் ஓடைக்கும் இரண்டாவதே நல்லது. கைகள் இரண்டும் சும்மா இருக்க வேண்டும், அதனால் தலையில் கட்டும் டோர்ச்சே சிறந்தது. கடையில் கிடைக்கும் சாதாரண பென்டோர்ச் பெட்டரி போடும் வகையாக இருந்தால், ஒரு சோடி மேலதிகமாகப் பையில் போட்டுக்கொள்ளலாம். பைக்குள் தானாக எரியாமலிருக்க சுவிட்சில் லொக் இருக்க வேண்டும்; இல்லையென்றால் ஒரு பெட்டரியைத் திருப்பிப் போட்டு வையுங்கள்.

விளக்கு வாங்கினால் மட்டும் போதாது, அதைப் பேச வைக்கவும் தெரிய வேண்டும். சும்மா ஆட்டினால், தூரத்தில் பார்ப்பவன் யாரோ விளையாடுகிறான் என்று போய்விடுவான். மலையேறிகளின் சர்வதேச வழக்கு இதுதான்: ஒரு நிமிடத்தில் ஆறு தடவை, அதாவது பத்துச் செக்கனுக்கு ஒரு தடவை ஒளி காட்ட வேண்டும். அடுத்த ஒரு நிமிடம் நிறுத்த வேண்டும். பிறகு மீண்டும் ஆறு. கண்டவர் நிமிடத்துக்கு மூன்று தடவை பதில் காட்டுவார். விசிலுக்கும் இதே கணக்குத்தான். மூன்று குறில், மூன்று நெடில், மூன்று குறில் என்ற எஸ்.ஓ.எஸ். முறையும் சரியே. டோர்ச்சில் அந்த மோட் இருந்தால், எத்தனை தரம் அழுத்தினால் வரும் என்று வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

விசில் எதற்கு என்று சிரிக்காதீர்கள். மூடுபனி இறங்கினால் எவ்வளவு பெரிய லைட்டும் எதிரில் வெள்ளைச் சுவராகத் திரும்பி வரும். அப்போது விசில்தான் துணை. பகலில் வெயில் இருந்தால் ஒரு சிறு கண்ணாடி போதும், பழைய சீ.டீ.யும் உதவும். ஒளித்தெறிப்பைப் பரீட்சைக்கு மனனம் செய்த பிள்ளைகளுக்கு அதை மைதானத்தில் அரை மணித்தியாலத்தில் பழக்கிவிடலாம்.

பச்சை லேசரை வானத்துக்கு அடிக்கலாம் என்று யாரோ வீடியோ போட்டதை நம்பாதீர்கள். தேடி வரும் ஹெலிகொப்டர் ஓட்டுபவரின் கண்ணை அது கூசச் செய்துவிடும். தீப்பந்தமும் வாணமும் வேண்டவே வேண்டாம். காய்ந்த மானாப்புல்லில் ஒரு பொறி விழுந்தால், வழி தவறியவன் நெருப்புக்குள் நிற்பான்.

"அல்லாஹ் பாதுகாப்பான், ஏன் இவ்வளவு பயம்?" என்று வாயடைக்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது. கட்டாமல் விட்டவர்கள் தவக்குல் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிய வேண்டாம்.

ஏற்பாட்டாளர்களே, புரியாணிக்கு எத்தனை சஹன் என்று எண்ணுவது போல விளக்கையும் விசிலையும் தலைக்கு ஒன்றாக எண்ணுங்கள். குழுவுக்கு ஒன்று என்றால், தவறிப்போகிறவனிடம் அது இருக்காது. எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்கு இறங்குவோம் என்று ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். சொன்ன நேரம் தாண்டினால் அவர் 119க்கு அறிவிக்க வேண்டும். காயம் என்றால் 1990, அனர்த்தம் என்றால் 117.

உம்மாமாரே, வாப்பாமாரே, ட்ரிப் காசு கேட்டு மகன் வந்தால் விளக்கை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அறையை இருட்டாக்கி, நிமிடத்துக்கு ஆறு தடவை காட்டச் சொல்லுங்கள். காட்டத் தெரிந்த பிறகு காசைக் கொடுங்கள்.

அடுத்த விடுமுறைக்கு வேன் பேசியிருக்கும் குழுக்களுக்கு இதை இன்றே அனுப்பிவிடுங்கள்.