விற்ற பின்னும் விடாத கை

படித்து முடித்த நாவலைப் பழைய புத்தகக் கடையில் போடும்போது நாம் பதிப்பாளரிடம் அனுமதி கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று யாரேனும் சொன்னால் சிரிப்போம். ஆனால் ஏறத்தாழ அப்படியே சொன்ன பதிப்பகம் ஒன்று இருந்தது. அமெரிக்காவின் பாப்ஸ்-மெரில் பதிப்பகம் 1904இல் 'தி காஸ்ட்அவே' என்ற நாவலை வெளியிட்டபோது, ஒரு டாலருக்குக் குறைத்து விற்க எந்த வியாபாரிக்கும் உரிமை இல்லை, விற்றால் அது பதிப்புரிமை மீறல் என்று உள்ளேயே அச்சிட்டு வைத்தது. நியூயார்க்கின் மேசி அங்காடி அதைப் பொருட்படுத்தாமல் 89 சென்ட்டுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஒரு பிரதியை விற்றுவிட்டால், அந்தப் பிரதி அடுத்து எவரிடம், என்ன விலைக்குப் போகிறது என்பதில் பதிப்பாளருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று 1908இல் தீர்ப்பாயிற்று. முதல் விற்பனைக் கோட்பாடு என்று இதைச் சொல்கிறார்கள்.

அட்டைப் பெட்டியில் குறுந்தகடும் கையேடும் வைத்து, காசு வாங்கிக்கொண்டு கொடுக்கப்பட்ட பழைய மென்பொருளுக்கும் இது பொருந்தத்தானே வேண்டும்? பொருந்தாது என்றது 2010ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்பு.

சியாட்டிலைச் சேர்ந்த திமோதி வெர்னர் பழைய பொருள்களை வாங்கி ஈபே தளத்தில் விற்று வந்தவர். ஒரு கட்டடக்கலை நிறுவனம் கழித்துவிட்ட ஆட்டோகேட் 14ஆம் பதிப்பின் நான்கு பிரதிகளை 2007இல் வாங்கினார். அவர் அவற்றைத் தம் கணினியில் நிறுவவில்லை. எந்த நிபந்தனைக்கும் சம்மதம் தெரிவிக்கவுமில்லை. வாங்கியதை விற்பனைக்கு வைத்தார், அவ்வளவுதான். ஆட்டோடெஸ்க் நிறுவனம் ஈபேயிடம் அடுத்தடுத்து முறையிட, அவருடைய கணக்கு ஒரு மாதம் முடக்கப்பட்டது. வெர்னர் நீதிமன்றம் சென்றார். கீழ் நீதிமன்றம் அவர் பக்கமே நின்றது. மேல்முறையீட்டு நீதிமன்றமோ அதைத் திருப்பிப் போட்டது. பெட்டிக்குள் இருந்த ஒப்பந்தம் தன்னை உரிமம் என்று சொல்லிக்கொள்கிறது, கைமாற்றுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது, பயன்படுத்தும் விதத்துக்கும் வரம்பு கட்டுகிறது; எனவே முதலில் பணம் கொடுத்தவர் அப்பிரதியின் உடைமையாளர் அல்லர், வெறும் உரிமதாரர். தமக்குச் சொந்தமில்லாததை அவர் வெர்னருக்கு விற்றிருக்க முடியாது. 2011இல் உச்ச நீதிமன்றம் இதில் தலையிட மறுத்துவிட்டது.

1908ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே இதற்கான கதவு ஒருக்களித்துத் திறந்துதான் இருந்தது. ஒப்பந்தமோ உரிமமோ இந்த வழக்கில் இல்லை என்று நீதிபதிகள் அன்றே குறித்து வைத்தார்கள். நூறாண்டு கழித்து அதன் வழியே நுழைந்திருக்கிறார்கள். புத்தகத்தில் நாலு வரியாக இருந்தபோது செல்லாத அறிவிப்பு, பக்கக்கணக்கில் நீண்டு உரிமம் என்று பெயர் சூடிக்கொண்டதும் செல்லுபடியாகிவிட்டது என்பதை நம்மால் ஏற்க முடியவில்லை. விற்பனை நடந்ததா இல்லையா என்பதை விற்றவரே எழுதிக்கொள்ளலாம் என்றால், நீதிமன்றத்துக்கு அங்கே என்ன வேலை?

நிறுவனத்தின் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டோம். அந்தக் கட்டடக்கலை நிறுவனம் 3,750 டாலர் மென்பொருளின் அடுத்த பதிப்பைச் சலுகை விலையில், பிரதிக்கு 495 டாலருக்குப் பெற்றது. பழையதை அழித்துவிட வேண்டும் என்பதே சலுகையின் நிபந்தனை. அழிக்காமல் விற்றது வாக்கு மீறல்தான். ஆனால் வாக்குக் கொடுத்தவர் மீதல்லவா வழக்குப் போட வேண்டும்? வாக்கே கொடுக்காத மூன்றாம் மனிதரைப் பதிப்புரிமையின் பெயரால் துரத்துவது எந்த நியாயத்தில் சேரும்?

இலக்கிய வாசகருக்கும் இதில் பங்குண்டு. எழுத்தாளர்களின் கையெழுத்துப் பிரதிகள் இப்போது வட்டுகளில் இருக்கின்றன. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகம் சல்மான் ருஷ்டியின் பழைய மக்கின்டாஷ் கணினி ஒன்றை, அவர் பயன்படுத்திய மென்பொருள்களோடு அப்படியே இன்னொரு கணினியில் போலச்செய்து 2010இல் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. இத்தகைய கோப்புகளை அவை எழுதப்பட்ட சூழலிலேயே வாசிக்க, அந்தக் காலத்து மென்பொருள் வேண்டும். எப்போதோ விற்பனையை நிறுத்திவிட்ட அதை, பழைய பெட்டி வைத்திருப்பவரிடம்தான் பெரும்பாலும் தேட வேண்டியிருக்கிறது. அவர் அதைக் கொடுப்பது குற்றமாகிவிட்டால் ஆவணக்காப்பாளர் எங்கே போவார்?

ஐரோப்பா வேறு வழியில் போயிருக்கிறது. ஆரக்கிள் நிறுவனத்துக்கும் யூஸ்டுசாஃப்ட் என்ற மறுவிற்பனையாளருக்கும் இடையிலான வழக்கில், காலவரம்பற்ற உரிமத்தை விலை பெற்றுக் கொடுத்தால் அது விற்பனையே, எப்பெயரிட்டு அழைத்தாலும் சரி என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012இல் கூறியது. இணையத்தில் இறக்கிய மென்பொருளுக்கும் இது பொருந்தும். விற்பவர் தம்மிடமுள்ள பிரதியைப் பயன்படாதபடி செய்துவிட வேண்டும். பலருக்கான கூட்டு உரிமத்தைக் கூறுபோட்டு விற்கக் கூடாது. 2016இல் ஒரு தெளிவும் வந்தது. மூலத் தகட்டை விற்கலாம். அது கெட்டுப்போயிருந்தாலும் காப்பாக எடுத்து வைத்த நகலை விற்க முடியாது. நியாயமான எல்லைகள்தாம் என்று படுகிறது.

ஆனால் 2019இல் அதே நீதிமன்றம், மின்நூலுக்கு இந்த உரிமை கிடையாது என்று சொல்லிவிட்டது. மின்பிரதி தேய்வதில்லை, பழையதும் புதியதும் ஒன்றே, ஆகவே மறுவிற்பனை பதிப்பாளரைக் கூடுதலாகப் பாதிக்கும் என்பது ஒரு காரணம். பழுத்த தாளும் பூச்சி அரித்த ஓரமும் இத்தனை காலம் நமக்கு வாதாடிக்கொண்டிருந்தன போலும்! பழைய கணக்குப் பதிவு மென்பொருளை விற்க முடிகிற ஐரோப்பியர், தாம் காசு கொடுத்து இறக்கிய நாவலை விற்க முடியாது.