குரலுக்கு உரியவர் பெயர்

தியாகராய நகரில் ஒரு ஜவுளிக் கடையின் பட்டுப் பிரிவில் வேலை பார்க்கும் பெண்ணொருத்தியைச் சில ஆண்டுகளாக எனக்குத் தெரியும். தீபாவளி நெரிசலில் தாயைத் தவறவிட்ட குழந்தை ஏதேனும் அழுதுகொண்டு நின்றால், ஒலிபெருக்கியின் முன் இவளைத்தான் நிறுத்துவார்கள். ‘மஞ்சள் சட்டை போட்ட ஆண் குழந்தை பில் கவுண்டரில் பத்திரமாக இருக்கிறது’ என்று அவள் சொல்லும்போது, கலவரத்தைத் தணிக்கும் கனிவும், தாய் எந்தத் தளத்தில் நின்றாலும் ஓடிவரச் செய்யும் அவசரமும் அந்த ஒரே வாக்கியத்தில் ஒருங்கே இழைந்திருப்பதை, புடவையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த நான் கையை நிறுத்திக் கேட்டிருக்கிறேன். அவளுடைய கலை அங்கேதான் ஆரம்பித்தது என்பது என் திடமான அபிப்பிராயம்.

வார விடுமுறையிலும், கடை அடைத்த பிறகு சில இரவுகளிலும், அவள் படங்களுக்குப் பின்னணிக் குரல் கொடுக்கச் சாலிகிராமத்து ஒலிப்பதிவுக் கூடங்களுக்குப் போய்வருகிறாள். சீட்டுப் பணத்தை எடுத்து டப்பிங் சங்கத்தின் உறுப்பினர் அட்டை வாங்கிய பிறகும், நெடுநாள் அவளுக்குக் கிடைத்தது ‘கிரவுட்’ என்று அவர்கள் சொல்லும் கும்பல் குரல்தான்: சந்தை இரைச்சல், கல்யாண வீட்டுச் சிரிப்பு, இழவு வீட்டு ஒப்பாரி. பிறகு ஒரு தெலுங்குப் படத்தில் துணைப் பாத்திரம் ஒன்று வந்தது. அன்று நானும் உடன் போயிருந்தேன்.

திரையில் அந்த நடிகை கையை உதறிக்கொண்டு ‘வத்து’ என்கிறாள். அதற்கு நேர் தமிழாக வசனத்தாளில் ‘வேண்டாம்’ என்று எழுதியிருந்தது. இரண்டு முறை பேசிப் பார்த்துவிட்டு, கண்ணாடிக்கு அப்பால் இருந்த சவுண்ட் இன்ஜினியரிடம், “அண்ணா, கடைசியில அவங்க வாய் மூடல. ‘விடு’ன்னு வச்சுக்கலாமா?” என்று கேட்டாள். “பேசிப் பாரும்மா” என்றார் அவர். மகர ஒற்றில் முடியும் சொல்லுக்கு இதழ்கள் மூடியே ஆகவேண்டும். ‘விடு’வோ பல் இதழில் படும் வகரத்தில் தொடங்கி, குவிந்த இதழில் முடிந்து, அந்த அன்னிய முகத்தின் மேல் தோல்போல் ஒட்டிக்கொண்டது. ஆனால் வசனத்துக்கு முன்னால் ஒரு தேம்பல் இருந்தது. அந்த மூச்சும் இவளுடையதாக இருந்தாக வேண்டும். ஏழாவது டேக்கில்தான் அது அமைந்தது. அவ்வளவு நேரமும் அவள் நின்றுகொண்டேயிருந்தாள். கடை ஊழியர்கள் உட்காருவதற்கு இருக்கை தரவேண்டுமென்று 2021-இல் தமிழகத்தில் சட்டம் வந்தது. இங்கேயோ, அடிவயிற்றிலிருந்து மூச்சு எழ வேண்டுமென்பதற்காக, அவள் தானே விரும்பி நிற்கிறாள்.

‘குரல் நன்றாயிருந்தால் டப்பிங் பேசலாம்’ என்று பலர் எண்ணுவது பெரும் தவறு. இனிய சாரீரம் பிறவியில் வரலாம். ஒரே வாக்கியத்தை நூறு பேரிடம், நூறாவது ஆளிடமும் சத்தியம் குறையாமல் சொல்லும் அப்பியாசம், அன்றாட ஜீவனத்தில்தான் வரும். ‘சேது’ 1999-இல் வெளிவந்து பெரும் கீர்த்தி பெறுவதற்கு முன், நடிகர் விக்ரம் ‘அமராவதி’யில் அஜித்துக்கும் ‘காதலன்’ படத்தில் பிரபுதேவாவுக்கும் குரல் கொடுத்தவர் என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

1944-இல் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் கன்னட ‘ஹரிச்சந்திரா’வுக்குத் தமிழ்க் குரல் ஏற்றி வெளியிட்ட நாள் தொட்டு இந்தக் கலை நம்மிடையே வளர்ந்து வருகிறது. ஒரு காட்சியைத் துண்டு துண்டாக வெட்டி, சுருளாக்கி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, எல்லாப் பாத்திரங்களுக்கும் உரியவர்கள் ஒரே மைக்கைச் சூழ்ந்து நின்று பேசிய காலத்தில், ஓரத்தில் நின்ற புதியவர்களுக்கு மூத்தவர்களின் மூச்சே குருகுலமாக இருந்தது. கணினி வந்தபின் அவரவர் வந்து, அவரவர் வரியைத் தனியே பேசிவிட்டுப் போகிறார்கள். வேலை சுலபமாயிற்று, ஆனால் கற்கும் வாசல் அடைபட்டது. அதனால்தான் புதியவர்களுக்குப் பெயராவது கிடைக்க வேண்டுமென்று வற்புறுத்துகிறேன்.

1993-இல் வெளியான ‘மணிச்சித்திரத்தாழ்’ என்ற மலையாளப் படத்துக்காக ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. அவருக்குப் பின்னணி பேசியவர் பாக்யலட்சுமி ஒருவரே என்றுதான் உலகம் நம்பிக்கொண்டிருந்தது. ஷோபனாவின் பாத்திரம் நாகவல்லியாக மாறித் தமிழில் சீறும் அந்தக் குரல் துர்கா என்னும் தமிழ்க் கலைஞருடையது என்பதை, இயக்குநர் ஃபாசில் 2016-இல் சொன்ன பிறகே பலரும் அறிந்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு மாநிலமே நடுங்கிக் கேட்ட குரலுக்கு உரியவர் யாரென்று தெரியாமலிருந்ததற்கு, யாருடைய தீய எண்ணமும் காரணமன்று; இன்ன பாத்திரத்துக்கு இன்னார் குரல் என்று எழுதிவைக்கும் வழக்கம் இல்லாததே காரணம். தமிழக அரசின் திரைப்பட விருதுகளில் பின்னணிக் குரலுக்கு இடமுண்டு. தேசிய விருதுகளில் இன்னும் இல்லை. நம் படங்களிலோ ‘டப்பிங் கலைஞர்கள்’ என்ற தலைப்பின் கீழ்ச் சில பெயர்கள் மொத்தமாக ஓடி மறைகின்றன. அயல்நாட்டுத் தொடர்களுக்குத் தமிழ்க் குரல் தரும் ஓடிடி தளங்கள் சிலவற்றில் பாத்திரவாரியாகப் பட்டியல் போடுகிறார்கள். அவர்களால் முடிவது நமக்கு ஏன் முடியாது? நடிகர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வரி, செலவு ஏதுமில்லை.

பெயரைப் பதிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை, அவர்கள் குடும்பத்தாரின் அனுமதியோடும் உரிய ஊதியத்தோடும், ‘லால் சலாம்’ படத்தில் செயற்கை நுண்ணறிவு கொண்டு ஏ.ஆர். ரஹ்மான் மீட்டெடுத்தார். அனுமதி கேட்பதற்கு, குரல் யாருடையதென்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். பெயரே பதிவாகாதவரிடம் யார் போய்க் கேட்பார்கள்?

அந்தத் தெலுங்குப் படம் வெளியானபோது அவள் தன் தாயைத் திரையரங்குக்கு அழைத்துப் போனாள். பெயர் வராது என்பது அவளுக்கு முன்பே தெரியும். ஆகையால் தன் காட்சி நெருங்கியதும், இருட்டில் தாயின் கையைப் பற்றி, “அம்மா, இப்ப வர்றது நான்” என்று சொன்னாளாம். திரையில் வேறொருத்தியின் முகம் வந்தது. தாய் கண்களை மூடிக்கொண்டு கேட்டாள்.